விரல் முந்த, ஒலி பிந்த: சாட்ஸ்வொர்த் கோயில் கூடத்தில் ஒரு கிட்டார் மாடலர்

2023 ஜூலை மாதம், ஆடி வெள்ளி இரவு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில் ஒரு மாரியம்மன் கோயில் கூடம். அம்மனுக்குக் கூழ் வார்த்து முடித்து, பஜனை நடந்துகொண்டிருந்தது. எட்டு மணி கடந்த சில நிமிடங்களில் லோட் ஷெட்டிங் தொடங்கி விளக்குகள் அணைந்தன. எதிர்பார்த்ததுதான், மின்வெட்டு அட்டவணை எல்லோருடைய கைப்பேசியிலும் இருந்தது. மிருதங்கமும் ஆர்மோனியமும் நிற்கவில்லை. பாடகி அக்கா மைக் இல்லாமலே குரலை உயர்த்தினார், கூட்டம் சேர்ந்து பாடியது. ஒன்பது விநாடியில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. விளக்கு வந்தது, மைக் வந்தது. கிட்டார் மட்டும் வரவில்லை.

கிட்டார் வாசிக்கும் தம்பியின் காலடியில் இருந்த மாடலர், அதாவது ஆம்பின் ஒலியைக் கணக்கால் உண்டாக்கும் பெட்டி, கண் விழிக்க 52 விநாடி எடுத்துக்கொண்டது. விழித்த மறுகணம், பஜனைக்கென்று நாங்கள் அமைத்து வைத்திருந்த மென்மையான ஒலிக்குப் பதிலாக, பெட்டியின் முதல் இடத்தில் இருந்த ராக் ஒலி முழு வேகத்தில் திறந்துகொண்டது. எதிரே இருந்த ஸ்பீக்கரின் சத்தத்தைக் கிட்டார் தானே வாங்கித் தானே திருப்பி அனுப்ப, கூடம் முழுக்க ஓர் ஊளை எழுந்தது. முன்வரிசைப் பாட்டிமார் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தம்பி கிட்டாரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கூடத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

அந்தக் குழுவுக்கு ஒலி அமைப்பது என் பொறுப்பு. ஆகவே அந்த ஊளைக்கும் நான்தான் பொறுப்பு. அடுத்த ஆறு வாரங்கள் அந்தப் பெட்டியையும் அதைச் சுற்றியிருந்த ஒவ்வொரு கம்பியையும் அளந்து பார்த்தேன். கண்டதையும் மாற்றியதையும் இங்கே எழுதுகிறேன். இதே கருவிகளை வைத்துக்கொண்டு இதே குறையோடு வாசிக்கும் குழுக்கள் டர்பனில் மட்டும் இருக்கப் போவதில்லை.

முதலில், அந்த இரவுக்கு முன்பே இருந்த முறையீட்டைச் சொல்லிவிடுகிறேன். மாடலர் வாங்கி இரண்டு மாதமாகத் தம்பி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணா, நான் தட்டிய பிறகுதான் வருகிறது." புதுக் கருவி, பழகிவிடும் என்றேன். தயாரித்தவர்களின் கையேட்டில் தாமதம் 3 மில்லி விநாடிக்கும் குறைவு என்று போட்டிருந்ததைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போவார், அடுத்த ஒத்திகையில் மறுபடி அதையே சொல்வார். மிருதங்கம் வாசிக்கும் அண்ணன் எங்கள் எல்லோரிலும் மூத்தவர், கணக்கில் கெட்டி. அவரும் ஒருநாள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "தம்பியின் கை சரியாகத்தான் விழுகிறது, ஒலிதான் பின்னால் நடந்து வருகிறது" என்றார். அன்றைக்கே நான் அளந்திருக்க வேண்டும். விரல் சொல்வதை நம்பாமல் கையேட்டை நம்பினேன்.

கோயிலுக்குள் கிட்டார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து, இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் கப்பலான ட்ரூரோ டர்பனுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து இங்கே தமிழ்ப் பாட்டு நிற்காமல் இருந்துவருகிறது. ஆனால் பாடுகிற இளையவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எங்கள் பாடகி அக்காவின் நோட்டிலேயே பாதிப் பாட்டுகள் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்தான். அந்த இளையவர்கள் கூடத்துக்குள் வந்து உட்காரக் கிட்டாரும் ஒரு காரணம். ஆகவே கிட்டார் நன்றாகக் கேட்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அதற்கு முன் தம்பியிடம் வால்வு ஆம்ப் ஒன்று இருந்தது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வால்வு சூடேறி நன்றாகப் பாட வேண்டுமானால் சத்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் மிருதங்கம் காணாமல் போகும். மாடலர் அந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது. ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன் வைக்கும் மைக் ஆகிய மூன்றின் குணத்தையும் கணக்காக எழுதி ஒரு சில்லுக்குள் வைத்துவிடுவதுதான் இதன் அடிப்படை. ரோலண்ட் 1995 இல் விஜி-8 ஐயும், லைன் 6 நிறுவனம் 1996 இல் ஆக்ஸிஸ் 212 ஐயும் 1998 இல் பாட் என்ற சிறு பெட்டியையும் கொண்டுவந்தபோது இது ஒரு புதுமை. 2006 இல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011 இல் கெம்ப்பர், 2015 இல் ஹீலிக்ஸ் என்று வரிசையாக வந்த பிறகு, பெரிய மேடைகளிலேயே நிஜ ஆம்புக்கு வேலை குறைந்துவிட்டது. ஒலியின் தரத்தைப் பற்றி இனி எனக்குச் சண்டை இல்லை. என் கவலை நேரத்தையும் நம்பகத்தையும் பற்றியது.

தாமதம் எங்கே பிறக்கிறது

தந்தியின் அதிர்வு மின்னலையாகப் பெட்டிக்குள் வருகிறது. அதை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக மாற்றுவது முதல் வேலை. ஒவ்வோர் அளவுக்கும் சாம்பிள் என்று பெயர். சில்லு அவற்றை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை; பெரும்பாலும் 32, 64, 128 என்று ஒரு கட்டுச் சேர்ந்த பிறகே கையில் எடுக்கும். அந்தக் கட்டுக்குத்தான் பஃபர் என்று பெயர். 64 சாம்பிள் சேர 1.33 மில்லி விநாடி ஆகும், 128 சேர 2.67. அடுத்த கட்டு சேர்வதற்குள் இந்தக் கட்டின் கணக்கு முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் அந்த இடத்தில் ஒலி அறுந்து 'டக்' என்று கேட்கும். தாமதத்தைக் குறைக்கக் கட்டைச் சிறிதாக்கினால் சில்லுக்கு மூச்சுவிட நேரம் குறைந்து ஒலி அறுபடும் அபாயம் கூடுகிறது. அபாயத்தைக் குறைக்கக் கட்டைப் பெரிதாக்கினால் தாமதம் ஏறுகிறது. தாமதத்தையும் நம்பகத்தையும் தனித்தனியாகப் பேச முடியாமல் போவது இதனால்தான்.

இதற்கு மேல், உள்ளே வரும்போது எண்ணாக மாற்றவும் வெளியே போகும்போது மின்னலையாகத் திருப்பவும் வடிகட்டிகள் சிறிது நேரம் எடுக்கின்றன. எங்கள் வட்டாரத்தில் பரவியிருந்த ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் பதிந்து வைத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு நீளமாக இருந்தால் தாமதமும் நீளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நீள வேண்டியதில்லை. நீளக் கோப்பைத் துண்டு போட்டு, உள்ளே வந்த சாம்பிள் உடனே வெளியே போகும்படி கணக்குச் செய்யும் வழியை வில்லியம் கார்ட்னர் 1995 இலேயே வெளியிட்டுவிட்டார். நீளம் சில்லின் உழைப்பைக் கூட்டும், அவ்வளவுதான்.

நாணயமும் தந்தியும்

அளந்தது என் வீட்டு கராஜில். முறை எளியது. கிட்டாரிலிருந்து வரும் கம்பியை இரண்டாகப் பிரித்தேன். ஒரு கிளை, ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸின் முதல் வாய்க்கு நேராகப் போயிற்று. மற்றக் கிளை கோயிலில் போகும் அதே வழியில் வயர்லெஸ், மாடலர், மிக்சர், காதுக்குப் போகும் இன்-இயர் என்று எல்லாவற்றையும் சுற்றிவிட்டு இரண்டாம் வாய்க்கு வந்தது. இன்டர்ஃபேஸுக்கும் சொந்தத் தாமதம் உண்டு. ஆனால் அது இரண்டு வாய்க்கும் ஒன்றே என்பதால் கழிந்துவிடும். இந்த முறையின் அழகே அதுதான்.

தம்பி இடது உள்ளங்கையால் தந்திகளை அடக்கிக்கொண்டு, ஐந்து ராண்ட் நாணயத்தின் விளிம்பால் ஆறாவது தந்தியை ஒரு தட்டுத் தட்டினார். கணினித் திரையில் இரண்டு கோடுகள். மேல் கோட்டில் ஒரு கூர்மையான முள் எழுந்தது. கீழ்க் கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். மேல் முள் திரையின் இடது ஓரத்தில் நிற்க, கீழ் முள் வலது ஓரத்தையும் தாண்டி எங்கோ இருந்தது. திரையை நகர்த்தி நகர்த்தி அதைத் தேடிப் பிடித்தபோது எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. இடையில் 1,627 சாம்பிள். 48,000 ஆல் வகுத்தால் 33.9 மில்லி விநாடி.

காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். 33.9 மில்லி விநாடியில் 11.6 மீட்டர். தம்பி இரண்டு மாதமாகத் தன் ஆம்ப் பதினொன்றரை மீட்டர் தள்ளி, கூடத்தின் வாசலுக்கு அருகே இருப்பது போல வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எங்கே போகிறது அண்ணா இத்தனை நேரம்?" என்றார்.

ஒவ்வொரு கருவியாகக் கழற்றிக் கழற்றி அளந்தோம். கிட்டாரின் வயர்லெஸ் 250 சாம்பிள், அதாவது 5.2 மில்லி விநாடி. மாடலர் மட்டும் 110 சாம்பிள், 2.3 மில்லி விநாடி. கையேடு பொய் சொல்லவில்லை. மாடலரின் எஃபெக்ட்ஸ் லூப்பில், அதாவது ஒலியை நடுவழியில் வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடும் வாயில், தம்பி தன் பழைய ஓவர்டிரைவ் பெடலைச் சொருகியிருந்தார். ஒலி வெளியே போய் உள்ளே வர மறுபடி இரண்டு மாற்றம், அதற்கு 67 சாம்பிள், 1.4 மில்லி விநாடி. டிஜிட்டல் மிக்சர் 53 சாம்பிள், 1.1. இன்-இயர் வயர்லெஸ் மலிவான டிஜிட்டல் வகை. அது 235 சாம்பிள், 4.9. இவை எல்லாம் சேர்ந்தாலும் 15 மில்லி விநாடியைத் தாண்டவில்லை. மீதி 19 மில்லி விநாடி, 912 சாம்பிள், ஒரே ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஐந்தரைக் கட்டை

பாடகி அக்காவின் சுருதி ஐந்தரைக் கட்டை. தம்பி பாட்டுகளைக் கற்றுக்கொண்டது ஆறு கட்டைக்கு உரிய கார்டுகளில், அதாவது ஒன்றாக மீட்டும் சுரக் கூட்டுகளில். அரைக் கட்டை இறக்க வேண்டும். கிட்டாரின் தந்திகளைத் தளர்த்துவதற்குப் பதிலாக, மாடலருக்குள் இருக்கும், சுருதியை மாற்றித் தரும் பிட்ச் ஷிஃப்டரை ஒரு அரைச் சுரம் கீழே வைத்து, அதை எல்லா ப்ரீசெட்டிலும் (சேமித்து வைத்த ஒலி அமைப்பிலும்) நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தார். கேட்க நன்றாகவே இருந்தது. அது ஒரு வசதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தக் கருவி தாமதிப்பதற்கு இயற்கையிலேயே காரணம் இருக்கிறது. கிட்டாரின் தடித்த தந்தி விநாடிக்கு 82.4 முறை அதிர்கிறது. ஒரு சுற்று முடிய 12.1 மில்லி விநாடி. ஒரு சுருதியை இன்னொரு சுருதியாக மாற்ற வேண்டுமானால், குறைந்தது ஒரு சுற்றையாவது பார்த்தால்தான் அது என்ன சுருதி என்று எந்தக் கணக்குக்கும் தெரியும். ஆறு தந்தியும் ஒன்றாக ஒலிக்கும் கார்டு என்றால் அதற்கும் மேல் பார்க்க வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த சில்லு வந்தாலும் தந்தி அதிர்வதற்கு முன் அதன் அதிர்வை அறிய முடியாது. இது போதாதென்று, பழைய அலையை வெட்டி ஒட்டும்போது மீட்டின் முதல் விளிம்பு மழுங்கிவிடுகிறது. அந்தக் கூர்மைதான் தாளத்துக்குப் பிடிமானம். நாணயம் தட்டிய முள், பிட்ச் ஷிஃப்டர் வழியே வந்தபோது திரையில் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல உருண்டையாக இருந்ததைக் கண்ணால் பார்த்தோம்.

ஆதி தாளத்தில், நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரைக்கு 125 மில்லி விநாடி. அதில் 34 மில்லி விநாடி பின்தங்கினால் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. மிருதங்க அண்ணனிடம் இதைச் சொன்னபோது, அவர் தொடையில் தட்டிப் பார்த்துக்கொண்டு, "கால் மாத்திரை என்றால் அது வேறு நடை" என்றார். எவ்வளவு அளந்தும் அத்தனை சுருக்கமாக என்னால் சொல்ல முடிந்திருக்காது.

கேட்பவர்களில் ஒருவர்கூட இதைக் குறையாகச் சொல்லவில்லை என்பது முதலில் என்னைக் குழப்பியது. 1949 இல் ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்து சொன்னது நினைவுக்கு வந்தது: ஏறத்தாழ 30 மில்லி விநாடிக்குள் அடுத்தடுத்து வரும் ஒரே ஒலியைக் காது ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிட்டாரின் நேரத்தை ஒப்பிட வேறு எதுவும் இல்லை. சிறிது சோம்பலான வாசிப்பு என்று மட்டும் தோன்றும். வாசிப்பவருக்கோ விரல் நுனியில் தந்தி விடுபட்ட கணம் தெரியும். இரண்டுக்கும் இடையே உள்ள வெட்டவெளியை அவர் ஒருவர்தான் உணர முடியும்.

பிறகு ஒரு சோதனை வைத்தோம். தாமதம் குறைந்த வழியில் கிட்டாரை இணைத்து, மிக்சரில் 0, 5, 10, 15, 20, 30 மில்லி விநாடி என்று வரிசை மாற்றி மாற்றி, தம்பிக்குச் சொல்லாமல் தாமதத்தைச் சேர்த்தேன். 5 வைத்தபோது அவருக்கு எதுவும் தெரியவில்லை. 10 இல் சில முறை சரியாகச் சொன்னார், சில முறை தவறவிட்டார். 15 இலிருந்து ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் மெதுவான விருத்தத்துக்குப் பின்னால் கார்டுகளை நீட்டிப் பிடிக்கும்போது 20 கூட அவருக்குத் தொந்தரவாக இல்லை. தாளம் தட்டும் கைக்கும் நீட்டிப் பிடிக்கும் கைக்கும் பொறுமை ஒன்றல்ல. இது ஒரு கூடத்தில் ஒரு கையைக் கொண்டு செய்த சோதனை என்பதை மறக்கவில்லை. ஆனால் அந்தக் கைக்காகத்தான் நான் வேலை செய்கிறேன்.

ஒலி மெலிந்து தகரம் போலக் கேட்கிறது என்ற இன்னொரு புகார் இருந்தது. அதற்கு மாடலரின் தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். தம்பியின் முன் இருந்த தரை ஸ்பீக்கரின் ஒலியை, இரண்டு மீட்டர் தள்ளியிருந்த மிருதங்க மைக்கும் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே கிட்டார் இரண்டு வழியில், 5.8 மில்லி விநாடி இடைவெளியில் மிக்சரில் சேர்ந்தால் 86, 259, 431 ஹெர்ட்ஸ் என்று அடுத்தடுத்த இடங்களில் ஒலி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். தரை ஸ்பீக்கரை எடுத்ததும் கிட்டாருக்கு உடம்பு வந்துவிட்டது.

எங்களை ஒரு வாரம் அலைக்கழித்த 'டிக்'

அளந்துகொண்டிருந்த நாட்களில் புதிதாக ஒன்று முளைத்தது. நீளமாகப் பிடித்த சுரத்தில் விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் மெல்லிய 'டிக்'. சில்லுக்கு வேலை அதிகமாகி ஒலி அறுகிறது என்று நினைத்து, எஃபெக்ட்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் 'டிக்' இருந்தது. உண்மையில் அது நான் உண்டாக்கிய குறை. அளவு சுத்தமாக இருக்கட்டும் என்று மாடலரையும் இன்டர்ஃபேஸையும் டிஜிட்டல் கம்பியால் இணைத்திருந்தேன். இரண்டும் தத்தம் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு கடிகாரப் படிகங்கள் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே, 48,000 இல் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு சாம்பிள் கூடியோ குறைந்தோ போகும். அந்த ஒரு சாம்பிள்தான் 'டிக்'. இன்டர்ஃபேஸை மாடலரின் கடிகாரத்தைப் பின்பற்றும்படி வைத்ததும் நின்றது. கம்பி இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். டிஜிட்டல் இணைப்பில் ஒருவர் தாளம் போட மற்றவர் கேட்டே ஆக வேண்டும்.

மின்சாரம்

இனி அந்த இரவுக்கு வருகிறேன். பழைய வால்வு ஆம்பும் மின்சாரம் போனால் நிற்கும்தான். ஆனால் வந்ததும் சில விநாடியில், அதே குமிழ்கள் அதே இடத்தில் இருக்க, அதே ஒலியோடு எழுந்துவிடும். மாடலர் ஒரு கணினி. அது முதலில் தன்னை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏறிய பின் எந்த ப்ரீசெட்டில் நிற்கும் என்பது யாரோ எப்போதோ வைத்த ஓர் அமைப்பைப் பொறுத்தது. எங்கள் பெட்டியில் அது 'முதல் ப்ரீசெட்' என்று இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் ப்ரீசெட் கடையில் வாங்குபவரைக் கவர்வதற்காக அமைத்த ஒலி. அம்மன் சந்நிதியில் அது தானாகத் திறந்துகொள்ளும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த ஊளைக்கு மருந்து ஐந்து நிமிட வேலை. முதல் இடத்தில் சுத்தமான ஒலியைக் குறைந்த சத்தத்தில் வைத்தேன். மின்சாரம் வந்ததும் கடைசியாக இருந்த ப்ரீசெட்டே வரும்படி அமைப்பை மாற்றினேன். 52 விநாடிக்கு மருந்து கண்டுபிடிக்க நாள் ஆயிற்று.

மாடலருக்கு வேண்டியது 30 வாட்டுக்கும் குறைவு. ஆகவே என்னிடம் இருந்த கணினி யூபிஎஸ் போதும் என்று நினைத்தேன். மின்சாரம் போனதும் அது மின்கலத்துக்கு மாற 10 மில்லி விநாடிக்குள்தான் ஆகும். அந்த இடைவெளியை மாடலரின் பவர் சப்ளையில் தேங்கிய மின்சாரம் தாங்கிக்கொண்டது. கராஜில் இருபது முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், ஒருமுறைகூட மாடலர் அணையவில்லை. மகிழ்ச்சியோடு கோயிலுக்குக் கொண்டுபோனால் வேறு கதை. மின்கலத்தில் ஓடும்போது அந்த மலிவு யூபிஎஸ் படிப்படியாக வெட்டிய அலையைத் தர, கிட்டாரின் பிக்அப் அதை 'ஙொய்' என்று பாடியது. தூய சைன் அலை தரும் ஒன்றை வாங்கினோம். இரைச்சல் போயிற்று. ஆனால் ஜெனரேட்டரில் அந்தப் புது யூபிஎஸ் ஓயாமல் 'பீப்' என்று கத்தி, கூட மின்சாரம் இருந்தும் மின்கலத்தையே தின்றுகொண்டிருந்தது.

மல்டிமீட்டரோடு ஜெனரேட்டர் அருகே உட்கார்ந்தேன். 228 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று 207 வோல்ட்டுக்கும் 47 ஹெர்ட்ஸுக்கும் இறங்கியது. சில நிமிடம் கழித்து ஏறியது. மறுபடி இறங்கியது. இயந்திரத்தின் குரலே மாறுவது காதுக்குக் கேட்டது. எழுந்து சமையற்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய மின்பாத்திரம், சூடு குறையும்போதெல்லாம் தானாக எரிந்து அணைந்துகொண்டிருந்தது. அது எரியும்போதெல்லாம் ஜெனரேட்டர் தளர்கிறது. அலைவெண் விலகியதும் யூபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்க மறுத்து மின்கலத்துக்குத் தாவுகிறது. சமையற்கட்டு அம்மாக்களிடம் விளக்கிச் சொன்னேன். மறு வெள்ளியே லோட் ஷெட்டிங் நேரத்துக்குத் தண்ணீரை எரிவாயு அடுப்புக்கு மாற்றிவிட்டார்கள். யூபிஎஸ்ஸின் உணர்திறனையும் ஒரு படி குறைத்தேன். பீப் நின்றது.

ஜெனரேட்டரில் இன்னொன்றையும் பார்த்தேன், இது ஒலியை விட முக்கியம். நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் ஓடும் ஜெனரேட்டரில், கசிவைக் கண்டு துண்டிக்க வேண்டிய எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு சரியாக வேலை செய்யாது. ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும் ஒருவருக்கு அது உயிர் விஷயம். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வரவழைத்துச் சரிசெய்யும் வரை, ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் தம்பியைக் கிட்டாரைத் தொடவிடவில்லை.

ஒத்திகையில் லோட் ஷெட்டிங் இல்லாத நாளிலும் மாடலர் இருமுறை தானாக அணைந்து எழுந்திருந்தது. பெட்டியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைச் சந்தேகித்தோம். காரணம் பிளக். மாடலரின் அடாப்டர் இரண்டு முள் வகை. இங்கே சுவரில் இருப்பது தமிழ்நாட்டில் 15 ஆம்பியர் பிளக் என்று சொல்லும் அதே தடித்த மூன்று உருளை முள். ஒரு மாற்று பிளக்குக்குள் இன்னொரு மாற்று பிளக் என்று அடுக்கியிருந்ததில், கனம் தாங்காமல் அது தளர்ந்து தொங்கியது. தம்பி காலை அழுத்தித் தாளம் போட்டால் பலகை அதிரும், பிளக் ஆடும், பெட்டி அணையும். ஒரே முழுக் கம்பியாக மாற்றிய பிறகு அது திரும்பவில்லை.

மாற்றிய பின்

கிட்டாரின் வயர்லெஸ்ஸை எடுத்துவிட்டுக் கம்பி போட்டோம். ஆரத்திக்கு நடப்பவர்கள் தடுக்காதபடி சுவரோரமாக ஒட்டிக் கொண்டுபோனோம். உட்கார்ந்து வாசிப்பவருக்கு வயர்லெஸ் எதற்கு என்று முன்பே கேட்டிருக்கலாம். ஓவர்டிரைவ் பெடல் மாடலருக்கு முன்னால் வந்தது. அங்கே அது அனலாக், ஒலியை எண்ணாக மாற்றுவதில்லை, தாமதம் இல்லை. இன்-இயர் மிக்சரிலிருந்து நேராகக் கம்பியில் வருகிறது. பிட்ச் ஷிஃப்டரை நிறுத்தி, தம்பியின் இரண்டாவது கிட்டாரில் சற்றுத் தடித்த தந்திகளைக் கட்டி அரைச் சுரம் இறக்கி வைத்தோம். விருந்தினராகப் பாட வருபவரின் சுருதி ஒன்றரைக் கட்டை என்றால், முதல் கிட்டாரில் முதல் கட்டத்தில் எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ போட்டு சி கார்டுகளை வாசிக்கிறார். மறுபடி நாணயத்தால் தட்டினோம். 163 சாம்பிள், 3.4 மில்லி விநாடி. ஆம்ப் ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் இருப்பது போல. பழைய வால்வு ஆம்ப் அவருக்குப் பின்னால் மூன்று மீட்டரில் இருந்தபோது காற்றிலேயே 8.7 மில்லி விநாடி போய்க்கொண்டிருந்தது.

மாடலர் அடியோடு செத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு, 9 வோல்ட் மின்கலத்தில் ஓடும் சிறிய அனலாக் ப்ரீஆம்ப் ஒன்று மிக்சரின் தனி வாயில் எப்போதும் இணைந்தே இருக்கிறது. ஒரு கால் சுவிட்சை மிதித்தால் கிட்டார் அந்த வழியே போகும். ஒலி அத்தனை அழகாக இராது, ஆனால் பாட்டு நிற்காது. ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு பாட்டை அந்த வழியில் வாசித்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பழகாத மாற்று வழி நெருக்கடியில் காலுக்குக் கிடைக்காது. விழாவுக்கு இரண்டு வாரத்துக்குள் ஃபர்ம்வேரைத் தொடுவதில்லை.

2024 மார்ச் இறுதியில் நாட்டில் லோட் ஷெட்டிங் நின்று, பிறகு பத்து மாதம் வராமல் இருந்தது. அதனால் அந்த ஆண்டின் ஆடி வெள்ளியில் ஜெனரேட்டருக்கு வேலை இல்லை. ஆனால் பஜனையின் நடுவே, கூழ்ப் பாத்திரம் தூக்கிச் சென்ற ஒரு பையனின் கால் மேடைக்கு மின்சாரம் வரும் கம்பியில் மாட்டி, பிளக் கழன்று வந்துவிட்டது. யூபிஎஸ் ஒருமுறை 'பீப்' என்றது. மிக்சரும் அதே யூபிஎஸ்ஸில் இருந்ததால் கிட்டாரின் பச்சை விளக்கு மிக்சரில் துடித்துக்கொண்டே இருந்தது. பையன் பயந்துபோய் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றான். நான் போய் வாங்கிச் சொருகுவதற்குள் மிருதங்க அண்ணன், மும்முறை வாசித்து முடிக்கும் தீர்மானத்தின் மூன்றாவது சுற்றில் இருந்தார், தம்பி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூடப் போய்க்கொண்டிருந்தார். யூபிஎஸ்ஸின் மேல் ஒரு காகிதத்தில் மின்கலம் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்று ஆண்டுக்கு மேல் அதை நம்புவதில்லை என்று முடிவு செய்திருப்பதால், 2026 ஆடிக்கு முன் மாற்ற வேண்டும்.